கல்லிடுக்கு மோதிரம்

செலின் மேரி கம்பி வளையத்தைக் கடலோரப் பாறைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, காதில் கேட்ட ரீங்காரத்தோடு அடியடியாக நகர்ந்தாள். மணி மூன்று. நான்கு மணிக்குப் பூரணாங்குப்பத்தில் அப்பாவின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள்.

விடியற்காலையில் மாரடைப்பில் போன அப்பா பிலவேந்திரன் ரேடியோ மெக்கானிக். பழைய டிரான்சிஸ்டரைப் பிரித்து, உலோகம் தேடும் இந்தக் கருவியைச் செய்தவர் அவர்தான். உள்ளே இரண்டு மின்சுற்றுகள், ஏறக்குறைய ஒரே வேகத்தில் துடிப்பவை. ஒன்று கருவிக்குள் அடக்கமாக இருக்கும். மற்றொன்றின் கம்பிதான் கோல் நுனியில் வளையமாகச் சுற்றியிருப்பது. இரண்டு துடிப்புக்கும் உள்ள வித்தியாசம் காதில் ரீங்காரமாகக் கேட்கும். வளையத்துக்கடியில் உலோகம் வந்தால் அந்தத் துடிப்பு மட்டும் மாறும். அவர் திருகி வைத்திருந்தபடி, இரும்பென்றால் ஒலி இறங்கும், தங்கமென்றால் ஏறும்.

எழுபத்தொன்பதில், நல்லவாட்டில் மீன் வாங்கி இந்தப் பாறைகளில் கை கழுவும்போது கல்யாண மோதிரம் நழுவிவிட்டது என்றார். அம்மா அந்தோணி மேரி நம்பவில்லை. சாராயக் கடையில் தேடச் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கோலும் கையுமாக இங்கே வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துக் காசு, மெட்டி, கொலுசுத் திருகு எல்லாம் கிடைத்தன. மோதிரம் கிடைக்கவில்லை.

பெட்டியை மூடுமுன் இறந்தவரின் மோதிரத்தை மூத்த பிள்ளை கழற்றித் தாயின் கையில் வைப்பது அவர்கள் பங்குக் கோயிலில் வழக்கம். காலையில் மாமா சூசைநாதன், "மோதிரம் இல்லன்னா இன்னாக்கா, அவரு கையில இருக்குற சிலுவைய எடுத்துக் குடுக்கட்டும்" என்றார்.

"சிலுவ சாமியோடது. எனக்கு அவரு பொருளு வேணும்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். செலின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒலி ஏறியது. வளையத்தை விலக்கினாள், இறங்கியது. கொண்டு வந்தாள்; ஏறியது. வளைத்த சைக்கிள் கம்பியை இடுக்கில் விட்டுத் துழாவினாள். மணலோடு ஒரு தங்க மோதிரம் வந்தது. பாவாடையில் தேய்த்து உட்புறம் பார்த்தாள். அப்பாவுடையதில் 'அ.மே.' என்று பொறித்திருக்கும். இதில் எழுத்தே இல்லை. இன்னொரு முறை தேய்த்தாள். பிறகு அதைக் கைக்குள் மூடிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள்.

வீட்டில் சூசைநாதன் ஆணிகளோடு நின்றார். செலின் அப்பாவின் விரலைத் தொட்டுவிட்டு, மோதிரத்தை அம்மாவின் கையில் வைத்தாள்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் உட்புறத்தை ஒரு சுற்றுத் தடவினாள்.

"எங்க இருந்துச்சி?"

"கல்லு இடுக்குல."

"உள்ள தேச்சிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்டி கொணாந்த?"

அம்மா மோதிரத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மடக்கினாள்.

"இதுக்கும் ஒருத்தி எங்கியோ புருஷன நம்பாம ஒக்காந்திருப்பா. எடுத்த எடத்துலயே வுட்டுட்டு வா."

"நேரமாவுதுக்கா, சாமியாரு வந்துட்டாரு" என்றார் சூசைநாதன்.

"நிக்கட்டும். அவ வர்ற வரைக்கும் பொட்டிய மூடாத."

அவள் பாறைக்குத் திரும்பியபோது கடல் ஏறத் தொடங்கியிருந்தது. செலின் இடுக்கில் மோதிரத்தைப் போட்டாள். கல்லில் இரண்டு முறை பட்டுக் கீழே போனது. கருவி இன்னும் சைக்கிளில்தான் கட்டியிருந்தது. அவிழ்த்து, பக்கத்து இடுக்கின் மேல் நீட்டினாள். ஒலி ஏறியது.

உப்புத்தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். வளையத்தை ஏறக்குறைய தங்கம் போலவே ஏமாற்றும். அதனால்தான் கடல் ஏறினால் அப்பா கோலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அலை வந்தது, ஒலி ஏறியது. அலை போனது, கொஞ்சம் இறங்கியது.

மோதிரமா உப்புத்தண்ணீரா என்று தெரிய, தண்ணீர் முழுதாக வடியட்டும் என்று நின்றாள். வடிவதற்குள் அடுத்த அலை வந்தது.