கடைத் தராசில் ஏறிய பெட்டி

என் மகள் தமிழ்மதி சிங்கப்பூரில் நிறைமாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் வரமுடியாது என்று ஆனபிறகு நாங்கள் போகாமல் என்ன செய்வது? நானும் என் வீட்டுக்காரர் ஈஸ்வரனும் பாஸ்போர்ட் எடுத்தோம்.

“ஆளுக்கு இருபத்தஞ்சு கிலோதாம்மா. அதுக்கு மேல ஏத்த மாட்டாங்க. நீ பாட்டுக்கு வீட்டையே தூக்கிட்டு வந்துராத” என்று தினமும் போனில் பாடம் நடத்தினாள்.

வீட்டையா தூக்கினேன்? பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு வேண்டாமா, மருந்துப்பொடி வேண்டாமா? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று என் மாமனாரின் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தேன். குழம்புத்தூள், சுண்டக்காய் வத்தல், அவளுக்கு ஒரு சின்னாளப்பட்டிச் சேலை. இதெல்லாம் அங்கே கிடைக்கும் என்கிறாள். கிடைக்கும், யார் இல்லை என்றது? அம்மா கையால் கிடைக்குமா?

எடை பார்க்க நாங்கள் எங்கேயும் அலையவேண்டியதில்லை. சேவுகம்பட்டியில் எங்களுக்குக் காய்கறிக் கமிஷன் கடை இருக்கிறது. விடிந்தால் போதும், சுத்துப்பட்டு விவசாயிகளின் தக்காளியும் கத்தரியும் மூட்டை மூட்டையாக வந்து எங்கள் தராசில் ஏறும். இவர் சொன்னதுதான் எடை. மறுபேச்சு கிடையாது. எனக்கு அதில் அம்புட்டுப் பெருமை. கல்யாண வீடு, கோயில் வீடு எங்கே போனாலும் அந்தத் தராசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நான் பந்தியிலிருந்து எழுந்ததில்லை.

கிளம்புகிற அன்று காலையில் என் அண்ணன் தங்கமுத்துதான் இரண்டு பெட்டிகளையும் தூக்கித் தராசில் வைத்தான். தோட்டத்தில் தக்காளி போடுகிறவன், விற்க எங்கள் கடையைத் தவிர வேறு கடை வாசலை மிதிக்காதவன்.

“ரெண்டுமே இருபத்தி நாலு காட்டுது மாப்ள. பாப்பாவுக்குன்னு எங்க வீட்டுல குடுத்து விட்டது இருக்கு. ஏறுமா?” என்று இரண்டு பொட்டலங்களை நீட்டினான். கத்தரி வத்தல், முருங்கைக்கீரைப் பொடி.

“தாராளமா ஏறும், வைங்க” என்றார் இவர்.

பெட்டிக்கு ஒன்றாக வைத்தான். இரண்டிலும் சரியாக இருபத்தைந்து. அண்ணன் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துத் தானே ஏதோ சாதித்த மாதிரி சிரித்தான்.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். போன தை மாதம் அவன் பெண்டாட்டி அய்யம்மாள் மதினி வீட்டுக்கென்று ஒரு கொக்கித் தராசு வாங்கினாள். வீட்டில் பார்த்த எடை கடையில் குறைகிறது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். என் காதுக்கு வந்தது. நான் சும்மா இருப்பேனா? நேரே தோட்டத்துக்குப் போய், “எங்க தராசு மேலயே கை வைக்கிறியா? எங்களைத் திருடங்குறியா?” என்று ஆடித் தீர்த்துவிட்டேன். அண்ணன் என் கண் முன்னாலேயே மதினியை வாய்க்கு வந்தபடி திட்டி, அந்தத் தராசைத் தூக்கிக் கிணற்றில் போட்டான். அதன்பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. மதினிக்கு அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. வத்தல் மட்டும் பாப்பாவுக்காகக் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

வாடகைக் காரில் மதுரை விமான நிலையத்துக்குப் போனோம். அண்ணனும் வழியனுப்ப வந்தான். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெளியிலேயே நின்றுகொண்டான். “விமானம் ஏறுற வரைக்கும் இங்கனயே இருக்கேன்த்தா” என்றான்.

கவுண்டரில் இருந்த பெண் முதல் பெட்டியை வாங்கி வைத்தாள். “இருபத்தெட்டு கிலோ வருதும்மா. மூணு கிலோ எடுக்கணும்.”

“அதெப்படி வரும்? நல்லாப் பாரு தாயி.”

“மிஷின் காட்டுறதுதாம்மா.”

“ஒங்க மிஷினுக்குத்தான் கோளாறு. எங்க கடைத் தராசுல வச்சுப் பாத்துட்டுத்தான் வாரோம். சுத்துப்பட்டு ஊரே எங்க தராச நம்பித்தான் காய் போடுது, தெரியுமா?”

இவர் என் முழங்கையைப் பிடித்து, “சத்தம் போடாத மாயி” என்றார்.

“ஏன் போடக்கூடாது? நம்ம எடையத் தப்புங்குறா, நீங்க மரம் மாதிரி நிக்கிறீங்க!”

அந்தப் பெண் பொறுமைசாலி. பக்கத்துக் கவுண்டர் இயந்திரத்தில் வைத்துக் காட்டினாள். இருபத்தெட்டு. இவருடைய பெட்டியையும் வைத்தாள். அதுவும் இருபத்தெட்டு. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், “எந்த ஊர்க் கடைம்மா அது?” என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பதில் சொல்லத்தான் இவர் பக்கம் திரும்பினேன். இவரைக் காணோம். கீழே குத்தவைத்துப் பெட்டியின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடப்பாவி மனுஷா!

பெட்டிகளை ஓரமாக இழுத்துப் போனோம். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

“எம்புட்டு நாளா இப்பிடிக் குறைச்சுக் காட்டுது?”

“மெதுவாப் பேசு. எல்லாக் கடையிலயும் உள்ளதுதான் மாயி.”

“எங்கண்ணனுக்குமா?”

“தராசுக்கு மச்சான்னு தெரியுமா? ஆளுக்கு ஒரு எடையா வைக்க முடியும்?”

“அப்பறம் எதுக்கு நம்ம பெட்டிய அதுல வச்சீங்க?”

தலையைத் தூக்காமல் சொன்னார். “பழகிப் போச்சு மாயி. அது காட்டுறதுதான் எடைன்னு நானே நம்பிட்டேன்.”

எனக்குத் தெரியாது என்று இப்போது சொல்லலாம். ஆனால் மதினி சொன்ன அன்றைக்கு ஒரு வார்த்தை இவரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. தோட்டத்துக்குத்தான் ஓடினேன். பெட்டிக்கே மூன்று கிலோ என்றால் ஒரு மூட்டைத் தக்காளிக்கு எவ்வளவு போயிருக்கும்?

இவர் கை முதலில் மதினியின் பொட்டலத்துக்குத்தான் போனது. அந்தக் கையைத் தட்டிவிட்டேன். இவருடைய புதுச் சட்டைகள், என் சேலைகள், பூண்டு, குழம்புத்தூள் என்று எடுத்து ஒரு பையில் திணித்து, வாசலில் நின்ற காவலரிடம் கெஞ்சி அண்ணனைக் கூப்பிட்டேன். ஓடி வந்தான்.

“என்னத்தா, எடை கூடிருச்சா? எப்பிடிக் கூடும்? நாந்தான தூக்கி வச்சேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேனே.”

பையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

“அந்தப் பிள்ளைக்குப் பாக்கத் தெரியலையோ என்னமோ. நீ சத்தம் போட்டுக் கேக்க வேண்டியதுதான? மாப்ள தராசுக்கு மேல ஒரு தராசா?”

இயந்திரம் பழுது என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெயிலில் நின்று வியர்த்து, என் பையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். என்னால் முடியவில்லை.

“இவுக மிஷின் சரிதாண்ணே. நம்ம தராசுதான் தப்பு.”

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பையை வாங்கி, ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அவ சொன்னது நெசந்தான். நாந்தான் அவளை என்னென்னமோ பேசிட்டேன்த்தா” என்றான். இன்னும் ஏதோ சொல்ல வந்தவன், “நேரமாச்சு, உள்ள போ. பாப்பாவ நல்லபடியாப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் பையோடு திரும்பி நடந்தான். விமானம் ஏறுகிற வரைக்கும் அங்கேயே இருப்பேன் என்று சொன்னவன் நிற்கவில்லை.

உள்ளே இவர் எடை போட்டு முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “மச்சான் என்ன சொன்னாரு?” என்றார். நான் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. தமிழ்மதி.

“செக்கின் முடிஞ்சதாம்மா? எடையெல்லாம் சரியா இருந்துச்சா?”

போனை இவர் கையில் கொடுத்தேன்.

“உங்க மக எடை கேக்குறா. சொல்லுங்க.”