டிரையரில் காய்ந்த குழல்

குழலை டிரையருக்குள் வைத்தது நான்தான். தேயிலை காய்கிற அந்த இரும்புப் பெட்டிக்குள், துளைத் தட்டின் மேல், குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் பக்குவமாகக் கிடத்திவிட்டு வெற்றிலை போட வாசலுக்குப் போனேன். குழல் மழையில் நனைந்திருந்தது. ஈரமாக இருக்கிற எதையும் காய வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பேக்டரியில் என்னை வைத்திருப்பதும் அதற்குத்தான். திரும்பி வந்து பார்த்தேன். குழலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை, நன்றாகவே காய்ந்திருந்தது. வாயிலிருந்து வயிறுவரை ஒரே விரிசல், வகிடு எடுத்த மாதிரி.

டாக்டர் துரையின் சம்சாரம் சீமையிலிருந்து பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குழல் அது. நம் புல்லாங்குழலைப்போலக் குறுக்கே பிடிக்கிறதில்லை. நாயனம்போல நேராகப் பிடித்து ஊத வேண்டும். ரெக்கார்டர் என்று பெயர். சிறிதும் பெரிதுமாக நான்கு வைத்திருந்தார். முந்நூறு வருஷத்துக்கு முன் அவர்கள் ஊர் ராஜாக்கள் சாப்பிடும்போது கேட்ட பாட்டுகளை நாலுபேர் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது துரைசாணியின் ஆசை. மலையிலிருந்த மற்ற துரைமாருக்கு டென்னிஸில்தான் ஆசை. வேறு வழியில்லாமல் கோயிலில் பாட்டுப் பாடுகிற எங்களைப் பிடித்தார். ஒருவர் உபதேசியார் சூசையப்பன். காது மந்தம், நாங்கள் முடித்து இறக்கிவைத்த பிறகும் அவர் குழலில் ராஜா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்னொருத்தி ஆஸ்பத்திரி நர்சு ஞானஜோதி. அப்புறம் நான். அனலில் நின்று பழகிய நெஞ்சு என்று பெரிய குழலை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் சேர்ந்தது பாட்டுக்காக இல்லை. ஞானஜோதிக்காகச் சேர்ந்தேன். எங்கள் லயத்து வீடுகளில் பேசிக்கொண்ட மாதிரி அவள்மேல் ஆசைப்பட்டும் இல்லை.

போன மழைக்காலத்தில் என் சம்சாரம் ரோசி பிரசவத்தில் போனபோது கூட இருந்தது ஞானஜோதி ஒருத்திதான். பாதையில் மரம் விழுந்து டாக்டர் துரை தேவிகுளத்திலேயே மாட்டிக்கொண்டார். பிரசவம் நடக்கிற இடத்தில் ஆம்பளை நிற்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நேரம் வந்தால் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி மேட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் பேக்டரி வாசலில் கேட்கும். கஞ்சி வாளி வந்தால்கூட அங்கிருந்துதான் கூப்பிடுவார்கள். அன்று முழுக்க நான் காதைத் தீட்டிக்கொண்டு தேயிலை காய வைத்தேன். ஒரு குரலும் வரவில்லை. வேலை விட்டு மேடேறியபோது கட்டிலில் துணி மூடியிருந்தது. பெரிதாக ஒன்று, பக்கத்தில் சிறிதாக ஒன்று.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை?

உபதேசியாரிடம் கேட்டேன். "கர்த்தர் கூப்பிட்டாருப்பா" என்றார். அவளைக் கர்த்தர் கூப்பிட்டது எனக்கும் தெரியும். நான் கேட்டது என்னை. டாக்டர் துரை என் தோளைத் தட்டி ஒருநாள் லீவு கொடுத்தார். ஞானஜோதியோ என்னைக் கண்டாலே பாத்திரம் கழுவ உள்ளே போய்விடுவாள். அதனால்தான் குழல் கூட்டத்தில் சேர்ந்தேன். குழலை வாயில் வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியாது என்பது சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

வாய் சும்மா இருந்த வேளைகளை நானே கெடுத்தேன். ஒருமுறை, "நர்சம்மா, அன்னைக்கு ரோசி..." என்று ஆரம்பித்தேன். அவள் முகம் வெளுத்ததும் பயந்துபோய், "...ஒங்க ஆஸ்பத்திரிக் கஞ்சியக் குடிச்சுத்தான் போனாளோ?" என்று முடித்தேன். ஞானஜோதி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. உபதேசியார் மட்டும் சிரித்தார். நான் வாய் திறந்தால் சிரிக்க வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்.

கிறிஸ்மஸ் வாசிப்பு முடிந்ததும் ஞானஜோதி மலையை விட்டே போகிறாள் என்று தெரிந்திருந்தது. நாசரேத்தில் கல்யாணம். போடி வழியாக இறங்கிவிட்டால் அப்புறம் நான் யாரைக் கேட்பேன்? இந்த நேரத்தில்தான் குழலைப் பிளந்தேன். பெரிய குழல் இல்லாமல் பாட்டு இல்லை. பாட்டு இல்லாமல் கூட்டம் இல்லை.

பங்களா வராந்தாவில் துரைசாணி குழலை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். திட்டுவார், திட்டி முடித்ததும் சிரிக்க வைக்கலாம் என்று ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவர் விரிசலை விரலால் ஒருமுறை தடவிவிட்டு எழுந்து உள்ளே போனார். தேறுதல் சொல்ல உபதேசியார் பின்னாலேயே போனார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

ஞானஜோதி தன் பையிலிருந்து மெழுகுவத்தியும் தையல் போடுகிற நூலும் எடுத்தாள்.

"ரெண்டு முனையையும் கெட்டியாப் பிடிங்கண்ணே."

பிடித்தேன். மெழுகை உருக்கி விரிசலில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"ஏண்ணே, இதப் போயி டிரையர்ல வைப்பாகளா?"

"தேயிலையக் குடுத்தாலும் அங்கதான் வைப்பேன், கொழலக் குடுத்தாலும் அங்கதான் வைப்பேன். ஒங்க உபதேசியார் கொஞ்சம் நனைஞ்சு வந்தா அவரையும் வைப்பேன்."

மூக்கால் சிரித்தாள். நூலை இறுக்கிச் சுற்ற ஆரம்பித்தாள். காயத்துக்குக் கட்டுச் சுற்றுகிற கை. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் போயிற்று.

"பொழைக்குமா?" என்றேன், குழலைத்தான்.

அவள் விரல் நின்றது. கேட்ட பிறகுதான் எனக்கும் என்ன கேட்டேன் என்று தெரிந்தது. வழக்கம்போல வேடிக்கையாக ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"ஏன் நர்சம்மா என்னைக் கூப்பிடல?"

மழையைப் பார்த்தாள். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

"நான் கேட்டேண்ணே. 'அண்ணனைக் கூப்பிடட்டுமா ரோசி'ன்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா."

"வேண்டாம்னாளா?"

"'அவரு வந்தா சிரிக்க வைப்பாருக்கா. சிரிச்சா வலிக்கி. கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடலாம்'னா." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுக்கப்புறம் அவ பேசலண்ணே."

மெழுகு எப்போதோ இறுகிவிட்டிருந்தது. "விடலாம்ணே" என்றாள். நான் இரண்டு முனையையும் பிடித்தபடியே இருந்தேன். உள்ளே யாரோ சின்னக் குழலை எடுத்து, பாட்டின் முதல் வரியை மட்டும் ஊதிவிட்டு நிறுத்தினார்கள்.