இலைக்கும் பரோட்டாவுக்கும் நடுவில்

பரிபூரணத்தைப் பெட்டிக்குள் மடக்கி வைத்து வாள் செருகுகிற காட்சியைத் திருவிழா மேடைகளில் எத்தனையோ ஊர்க்காரர்கள் பார்த்திருந்தார்கள். மதுரையில் ஒரு மேஜிக் குழுவில் எட்டு வருஷம் அவளுக்கு அதுதான் வேலை. கைதட்டல் எல்லாம் வாள் பிடித்தவருக்குப் போகும். முழங்கால் நெஞ்சில் இடிக்க உள்ளே கிடந்தவளுக்குத்தான் தெரியும், அந்த வித்தையில் பாதிக்கு மேல் செய்வது தான்தான் என்று. காட்சி இல்லாத நாட்களில் மற்றவர்கள் தூங்கப் போன பிறகு அவள் நாணயத்தையும் மோதிரத்தையும் விரல்களில் உருட்டிப் பழகினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் நின்றவளுக்கு எல்லாம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

லாரி டிரைவர் பொன்னுராஜைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்ததும் அந்தப் பிழைப்பு முடிந்தது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டிச் சுருட்டுகிற வேலையில் சேர்ந்தாள். தொண்ணூறாம் வருஷம் ஆர்டர் குறைந்து, வாரத்தில் நாலு நாள்தான் வேலை என்று ஆனது.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தார்கள். இலை போட்டு அரைமணி நேரம் ஆகியும் பரோட்டா வரவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு கைக்குழந்தை வீல் வீல் என்று அழுதது. அதன் அப்பன் சர்வரைத் திட்டினான். பரிபூரணம் சும்மா கையை நீட்டி, மேஜையில் கிடந்த எட்டணாவை எடுத்து, குழந்தையின் கண் முன்னால் இல்லாமல் ஆக்கி, அதன் சட்டைக் காலரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குழந்தை அழுகையை மறந்து வாயைத் திறந்தபடி பார்த்தது. அப்பனும் ஆத்தாளும் கூடத்தான். பரோட்டா வந்ததை அவர்கள் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் சொன்னாள். "ஓட்டல்ல டேபிள் டேபிளா போய் வித்தை காட்டினா என்ன?"

பொன்னுராஜ் சிரித்தான். "பிச்சைக்காரின்னு நெனைப்பாவ."

"நெனைக்காத மாதிரி போவணும்" என்றாள்.

முதலில் உள்ளூரிலேயே கேட்டுப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஓட்டல்காரர், பொம்பளை மேஜை மேஜையாகப் போனால் கடைப் பேர் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். இன்னொருவர், கோயிலுக்கு வருகிறவன் சாப்பிட்ட கையோடு பஸ் பிடிக்க ஓடுகிறான், அவனை எங்கே நிறுத்துவாய் என்றார். இரண்டாவது ஆள் சொன்னதில் நியாயம் இருந்தது. காத்திருக்கிறவன் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அவள் அந்தப் பரோட்டா ஓட்டலுக்கே போனாள்.

முதலாளி சுயம்புலிங்கம் கல்லாவில் இருந்தார்.

"அண்ணாச்சி, உங்க கடையில உக்காந்துட்டு, சாப்பிடாம எந்திரிச்சுப் போறவிய எம்புட்டுப் பேருன்னு பாத்திருக்கீயளா?"

"நீ யாரும்மா?"

"போன ஞாயித்துக்கிழம நான் எண்ணுனேன். பதினோரு பேரு. உங்க மாஸ்டருக்குக் கல்லு ஒண்ணுதான். கூட்டம் அதுக்கு மேல வருது. அவிய செத்த நேரம் பொறுத்து உக்காந்திருக்கணும், அம்புட்டுதானே?"

விஷயத்தைச் சொன்னாள். சோறு போடுகிற இடத்தில் வித்தை எதற்கு என்றார் அவர். அவள் கல்லாவில் கிடந்த பேனாவின் மூடியைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்து மூடி, விரித்தாள். மூடி இல்லை. அவருடைய சட்டைப் பையைக் காட்டினாள். சுயம்புலிங்கம் மூடியை வெளியே எடுத்தார். பிறகு மறுபடியும் பைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ஒரு ஞாயிறு பாப்போம். டேபிள்ல காசு வாங்கப்படாது. யாராச்சும் மூஞ்சியச் சுளிச்சா அன்னியோட சரி."

அந்த ஞாயிறு அவள் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டி, கையில் சீட்டுக்கட்டோடு முதல் மேஜைக்குப் போனாள். "ஒண்ணும் வாங்கலம்மா" என்று ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னார்கள். அடுத்த மேஜையில் ஒருவர் நாலணாவை நகர்த்தி வைத்தார். மூன்றாவது மேஜையில் நாலு மில்காரர்கள் உற்சாகமாகத்தான் வரவேற்றார்கள். "ஒரு சீட்டு எடுங்க" என்றாள். எடுக்க நீட்டிய கையெல்லாம் சால்னா. ஒரு நொடியில் கட்டு நாறிப் போனது. திரை போட்ட ஃபேமிலி ரூமில் அதைவிட மோசம். சீட்டுக்கட்டைப் பார்த்ததும் ஒரு பெரியவர், "குடும்பத்தோட வார எடத்துல இது என்ன சூதாட்டம்?" என்று எழுந்து கல்லாவைப் பார்த்தார்.

சர்வர் தவசிமுத்து அவளைச் சமையற்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் டீ கொடுத்தான். "விடுங்கக்கா. நம்ம ஊருக்கு இது சரிப்படாது."

"தம்பி, இலை போட்டதுலேருந்து பரோட்டா வைக்கிற வரைக்கும் எம்புட்டு நேரம் ஆவும்?"

"கூட்டம் இருந்தா இருவது நிமிசம்."

"கை கழுவிட்டுத்தானே உக்காருதாவ?"

"ஆமா."

"அப்ப அந்த இருவது நிமிசமும் கை சுத்தமா இருக்கும்" என்றாள் பரிபூரணம், டீயைக் குடித்துக்கொண்டே.

சுயம்புலிங்கத்திடம் இன்னும் ஒரு ஞாயிறு கேட்டு வாங்கினாள். அன்று அவள் ஒரு மேஜைக்கும் போகவில்லை. கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் முதலில் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எந்த மேஜையில் பேச்சு ஓய்ந்துவிட்டது, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகு ஜனங்கள் கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம். ஆண்பிள்ளைக்கு முதுகுப் பக்கம் சர்வர் போய் நின்றால்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை. வித்தை காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்ற சொல் தயாராக இருக்கிறது. கேட்கவே கூடாது.

வெள்ளைச் சேலையை விட்டுக் கம்பெனிக்குக் கட்டுகிற நூல் சேலையைக் கட்டினாள். சீட்டுக்கட்டை வீட்டுக் கூரை எரவானத்தில் செருகினாள். அடுத்த ஞாயிறு, இலை போட்டு முடிந்த ஒரு மேஜைக்குத் தண்ணீர் டம்ளர்களைத் தானே கொண்டுபோய் வைத்தாள். வைத்த கையோடு அங்கிருந்த அம்மாவைப் பார்த்து, "பரோட்டா கல்லுல கெடக்கு. அது வாரதுக்குள்ள இந்த டம்ளரச் செத்த பாத்துக்கோங்க" என்றாள். பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? பரோட்டா வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் விலகிப் போனாள். அந்த மேஜைக்காரர்கள் சாப்பாட்டின் நடுவில் தலையைத் திருப்பி, அவள் அடுத்து எங்கே போகிறாள் என்று பார்த்தார்கள்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. சுயம்புலிங்கம் கம்பெனி நாள் கூலியையே ஞாயிற்றுக்கிழமைக்கும் கொடுத்தார். ஃபேமிலி ரூம் நிறைந்தது.

அப்போதுதான் சேத்தூரிலிருந்து சமுத்திரமும் அவர் மனைவி வேலுத்தாயும் வந்தார்கள். சமுத்திரம் நிலம் உழுகிற சம்சாரி, பருத்தி போட்ட காசில் மனைவிக்கு டவுனைக் காட்ட வந்தவர். பரிபூரணம் அவருடைய மோதிரத்தைக் கேட்டு வாங்கி, கையில் மூடி, ஊதி, வேலுத்தாயின் முன்னால் கவிழ்த்து வைத்திருந்த டம்ளருக்கு அடியிலிருந்து எடுத்தாள். சமுத்திரம் தொடையைத் தட்டிச் சிரித்தார். வேலுத்தாய் சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் சமுத்திரத்துக்குக் காய்ச்சல் கண்டது. அது விடாமல் பத்து நாள் அடித்தது. மந்திரக்காரி கை பட்ட மோதிரம், செய்வினை என்று வேலுத்தாய் சொன்னாள். களையெடுக்கிற இடத்தில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள். அது ராஜபாளையம் வரை வந்தது. அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஃபேமிலி ரூமில் ஈ ஓட்டினார்கள்.

"நீ வேலை தெரிஞ்சவதாம்மா. அதுல கொறை இல்ல" என்றார் சுயம்புலிங்கம். "ஆனா எனக்கு அடுப்பு எரியணும்ல. இனி வித்தை காட்ட வராத."

பரிபூரணம் அழவில்லை. தவசிமுத்துவுக்குச் சேத்தூர்தான் சொந்த ஊர். அவனிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டாள். வேலை இல்லாத ஒரு நாள் காலையில் சேத்தூர் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. வித்தையின் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று குழுவில் சேர்ந்த அன்றே எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் பொன்னுராஜிடம்கூட அவள் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சத்தியத்தைச் செய்தபோது, ஒருத்தி தன்னை எண்ணிப் பயந்து நடுங்குவாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பயமுறுத்தியா பிழைக்க வந்தோம்? சேத்தூரில் இறங்கும்போது மனசு தெளிந்துவிட்டது.

வேலுத்தாய் வாசலில் உட்கார்ந்து காயிலிருந்து பருத்தியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பரிபூரணத்தைக் கண்டதும் எழுந்து நிலைப்படியை மறைத்து நின்றாள். உள்ளே கட்டிலில் சமுத்திரம் இளைத்துக் கிடப்பது தெரிந்தது.

"இங்க எதுக்குட்டி வந்த? இன்னும் என்ன பாக்கி?"

"அக்கா, அன்னிக்கு நான் என்ன செஞ்சேன்னு உங்களுக்குக் காட்டிட்டுப் போவ வந்தேன். வீட்டுக்குள்ள வரல. வாசல்லயே நிக்கேன்."

"மோதிரத்தத் தொடப்படாது."

"வேண்டாம். ஒரு பருத்திக்கொட்டை குடுங்க."

வேலுத்தாய் கொடுக்கவில்லை. பரிபூரணம் குனிந்து தரையில் கிடந்த ஒன்றை எடுத்தாள். வலது கையில் வைத்தாள், இடது கைக்கு மாற்றினாள், மூடினாள், ஊதினாள், விரித்தாள். இல்லை. வேலுத்தாய் ஒரு அடி பின்னால் போனாள்.

"பயப்படாதீங்க. இப்ப மெதுவா செய்யுதேன். இந்தக் கையப் பாருங்க." விரல்களைத் திருப்பிக் காட்டினாள். "இடது கைக்கு அது வரவே இல்ல. வலது கையில, இந்த ரெண்டு வெரலுக்கு நடுவுலயே நிக்கி. நீங்க மூடுன கையப் பாக்கையில இந்தக் கை டம்ளர்கிட்ட போயிருச்சு. மந்திரமும் இல்ல, மாயமும் இல்லக்கா. எட்டு வருசம் பழகுன வெரலு."

நான்கு முறை செய்து காட்டினாள். ஐந்தாவது முறை வேலுத்தாய், "கொண்டா" என்று கையை நீட்டினாள். அவள் விரலிலிருந்து கொட்டை மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை நின்றது. அப்படியே உள்ளே போய்ப் புருஷன் முன்னால் கையை மூடி விரித்தாள். சமுத்திரம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏ, எங்க போச்சு?"

வேலுத்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலுக்கு வந்து உட்கார்ந்து சிரித்தாள். "இம்புட்டுத்தானாட்டி? இதுக்கா நான் கருப்பசாமிக்குக் கெடா நேந்தேன்? டாக்டரு டைபாய்டுன்னு தலப்பாடா அடிச்சாரு, நான்தான் கேக்கல."

"அக்கா, ஞாயித்துக்கிழம ஒருக்க ஓட்டலுக்கு வாங்க. நாலு பேரு பாக்க உக்காந்து சாப்பிட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவிய எந்திரிச்சு நடக்கட்டும், பாப்போம். நேந்தது நேந்ததுதான். கெடா வெட்டுக்கு நீயும் வா."

"நான் வேதக்காரிக்கா, சர்ச்சுக்குப் போறவ."

"வேதக்காரி கறி திங்க மாட்டாளா?"

அடுத்த ஞாயிறு வேலுத்தாய் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. பரிபூரணம் மட்டும் தவறாமல் வந்தாள். வித்தை காட்டக் கூடாதே தவிரக் கடைக்கு வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ வாங்கிக் குடித்து, கடைசி டவுன் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினாள். சுயம்புலிங்கம் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

மூன்றாம் ஞாயிறு, சேத்தூர் பஸ்ஸிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். முன்னால் வேலுத்தாய், பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய சமுத்திரம். மற்றவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். வேலுத்தாய் கல்லாவுக்கு முன்னால் நின்று, "அந்த மோதிரக்காரி எங்க? அவளுக்காவத்தான் வந்திருக்கோம்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

சுயம்புலிங்கம் பெஞ்சைப் பார்த்தார். "உள்ள போம்மா" என்றார்.

ஃபேமிலி ரூமில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு இலை விரித்தார்கள். சமுத்திரம் தானாகவே மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். வேலுத்தாய் பக்கத்துப் பெண்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எல்லாம் தெரிந்தவளின் கம்பீரம் முகத்தில் இருந்தது. பரிபூரணம் மோதிரத்தை இடது கைக்கு மாற்றி மூடினாள்.

"அதுல இல்ல. வலது கையில" என்றாள் வேலுத்தாய்.

பரிபூரணம் வலது கையை விரித்தாள். இல்லை. இடது கையையும் விரித்தாள். அதிலும் இல்லை.

வேலுத்தாயின் வாய் திறந்தது. டம்ளரைத் தானே தூக்கிப் பார்த்தாள். இல்லை. "உங்க இலையத் தூக்குங்கக்கா" என்றாள் பரிபூரணம். மோதிரம் அங்கே இருந்தது. பரிபூரணம் வேலுத்தாயின் முகத்தையே பார்த்தாள். வேலுத்தாய் மோதிரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்திலிருந்தவளின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"களவாணி. இத எனக்குச் சொல்லித் தரலயே."

சிரிப்பு திரையைத் தாண்டி வெளியே போனது. வெளி மேஜைகளில் உட்கார்ந்திருந்த சிலர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பரோட்டாத் தட்டோடு வந்த தவசிமுத்து வழி கிடைக்காமல் நின்றான்.

செய்வினைப் பேச்சு அன்றோடு அடங்கிவிடவில்லை. அதற்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. சிலர் அவளைக் கண்டதும் மோதிர விரலை மடக்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மேஜையில் அவள் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அடுத்த வருஷம் புதன்கிழமையும் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைப் பேரைச் சொல்லி முதலில் மறுத்த ஓட்டல்காரர், தன் கடைக்கு மாடியில் ஃபேமிலி ஹால் கட்டிய பிறகு ஆள் அனுப்பினார். பரிபூரணம் நேரில் போய் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மேஜைகள் சுவரை ஒட்டிக் கிடந்தன.

"நாலு பக்கமும் ஆளு உக்காந்து பாக்குத மாதிரி நடுவுல இழுத்துப் போடுங்க" என்றாள். "பொறவு நான் வாரேன்."