மாநிறம்: உறுதி செய்யப்படவில்லை

காலை ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது முடி கருகும் வாசனை வந்தது. சமையலறையில் என் தங்கை ஜாசியாராவை ஸ்டூலில் உட்கார வைத்து அம்மா அவள் தலையை ஸ்ட்ரெய்ட்னரால் இழுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கே ஆரம்பித்திருக்கிறாள். பின்மண்டையில் ஒரு கைப்பிடி மட்டும் பாக்கி.

அன்று ஒன்பது இருபதுக்கு ஜாசி பல்கலைக்கழகக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். பல் மருத்துவத்துக்கு அவள் வாங்கிய மதிப்பெண் போதும். ஆனால் ஒதுக்கீட்டில்தான் போதும். அரசுப் பள்ளியில் படித்து, தன்னைக் கறுப்பு அல்லது மாநிறம் என்று பதிந்துகொண்ட பிள்ளைகளுக்கான இடம் அது. பதிந்துகொண்டால் மட்டும் ஆகிவிடாது. ஐந்து பேர் உட்கார்ந்து ஆளை நேரில் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலத்தில் இந்தக் குழு கிடையாது. படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் முடிந்தது. பிரேசிலில் யாரைத் தோண்டினாலும் ஒரு கறுப்புக் கொள்ளுத்தாத்தா கிடைப்பார். அவரை வைத்துக்கொண்டு மஞ்சள் முடியும் பச்சைக் கண்ணுமாக இருந்த பிள்ளைகளும் டிக் அடிக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் குழு வந்தது. குழுவுக்கு வம்சம் வேண்டாம், கதை வேண்டாம். தோல், மூக்கு, உதடு, முடி. தெருவில் போகிறவன் உன்னைப் பார்த்தால் என்னவென்று நினைப்பான் என்பது மட்டும்தான் கேள்வி. அறிவிப்பின் பதினொன்றாம் பக்கத்தில் இதெல்லாம் எழுதியிருந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், வேலை இடைவேளையில், கைபேசியில் அதைப் படித்திருந்தேன்.

படித்திருந்தும் அன்று காலை வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் ஈரத் துணி தூக்கிவிட்டு வந்திருந்தேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் வீட்டில் அம்மாவிடம் முடியைப் பற்றிப் பேச முடியாது. இருபது வயதில் அவள் ஒரு துணிக்கடை கவுன்ட்டர் வேலைக்குப் போனாள். விளம்பரத்தில் ‘நல்ல தோற்றம் வேண்டும்’ என்று போட்டிருந்தார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அவளைப் பார்த்ததும் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். முடியை நேராக்கிக்கொண்டு மறுவாரம் போனாள், பின்கட்டில் மூட்டை கட்டும் வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்த ஆபீஸானாலும், பள்ளிக்கூடப் படம் எடுப்பதானாலும், டாக்டரிடம் போவதானாலும் முதலில் முடி. அவளுக்கு அது குளித்துவிட்டுப் போவது மாதிரி.

“எப்படிடா இருக்கா?” என்றாள் அம்மா.

“நல்லா இருக்கா.”

“முகத்துக்கு இன்னும் கொஞ்சம் பவுடர் போடவா?”

“விடும்மா, பேய் வந்திருக்குன்னு எழுந்து ஓடப்போறாங்க,” என்றாள் ஜாசி.

“அஞ்சு பெரிய மனுஷங்க முன்னாடி பரட்டைத் தலையோட நிக்கப் போறியா? வீட்டுல கேக்க ஆளில்லைன்னு நினைப்பாங்க.”

நான் காப்பியைக் குடித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

பல்கலைக்கழக வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர் இருந்தார்கள். பெண்கள் பலரும் சுருட்டை முடியை அவிழ்த்து விட்டிருந்தார்கள், காற்றில் அது அவர்களைவிடப் பெரிதாக நின்றது. ஒரு பையன் கடற்கரையில் ஒரு வாரம் குப்புறக் கிடந்தவன் மாதிரி சிவந்திருந்தான், மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. ஜாசி நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழுவழுவென்று தோள்வரை இறங்கிய முடி, பவுடர் பூசிய முகம். வங்கியில் வேலை கேட்டு வந்தவள் போலிருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து ஆகியிருந்தது.

அம்மா ஒரு கோப்புடன் வந்திருந்தாள். கதவருகே பட்டியலோடு நின்ற பெண்ணிடம் அதைத் திறந்து காட்டினாள்.

“மேடம், இது இவ அப்பா. அடாவுட்டோன்னு பேரு. பஸ் கண்டக்டரா இருந்தாரு. எவ்வளவு கறுப்புன்னு நீங்களே பாருங்க.”

அப்பாவின் நிறத்தை அவள் ஒருவரிடம் எடுத்துக் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா, அவருக்கு சீட்டு வேணும்னா அவரையே கூட்டிட்டு வாங்க,” என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு.

“செத்துட்டாரும்மா.”

“அய்யோ, மன்னிச்சுக்கங்க. ஆனா போட்டோ எதையும் உள்ள வாங்க மாட்டாங்க. பொண்ணை மட்டும்தான் பாப்பாங்க.”

“அப்ப இவன் கூடப் போகட்டும். இவ அண்ணன். ஒரே அப்பா, ஒரே அம்மா.”

அந்தப் பெண் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். நான் அப்பாவின் நிறம், ஜாசி அதைவிட வெளுப்பு.

“இவரா இருந்தா பாத்த உடனே எடுத்துப்பாங்க.”

“எடுத்தாங்களே. ரெண்டு வருஷத்துல விட்டுட்டு வந்துட்டான்,” என்றாள் அம்மா. அதைக் குத்திக்காட்டக் கிடைத்த எந்த வாய்ப்பையும் அவள் விட்டதில்லை.

அது உண்மைதான். பொறியியல், நான்காம் செமஸ்டர். யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழக நிறுத்தத்தில் பஸ் நின்றது, நான் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். மறுநாள் கிளம்பவே இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஜாசி உள்ளே போய் மூன்று நிமிடத்தில் வெளியே வந்தாள்.

“என்ன கேட்டாங்க?” என்றாள் அம்மா.

“ஒண்ணும் கேக்கல. கேமராவைப் பாத்துப் பேரு சொல்லச் சொன்னாங்க. ‘நான் மாநிறம்’னு தாளைப் பாத்துப் படிக்கச் சொன்னாங்க. இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு. அவ்வளவுதான்.”

“மரியாதையா நடத்தினாங்களா?”

“மாட்டை விலை பேசறவன்கூட வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். இவங்க அதுகூடப் பண்ணலைம்மா. ரொம்ப மரியாதை.”

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது, முடிவு வந்தது. ஜாசி கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“எல்லாரும் எனக்கு வாழ்த்து சொல்லுங்க. பதினெட்டு வயசுல என்னை வெள்ளைக்காரி ஆக்கிட்டாங்க.”

நான் எடுத்துப் பார்த்தேன். மாநிறம்: உறுதி செய்யப்படவில்லை. வேறு ஒரு வார்த்தை இல்லை. ஒதுக்கீடு போனால் பொதுப் பட்டியலில் அவள் முந்நூறு பேருக்குப் பின்னால் நின்றாள்.

“அப்ப மருந்துக்கடை வாட்ச்மேன் ஏன் திருட வந்தவ மாதிரி உன் பின்னாடியே சுத்துறான்?” என்று அம்மா கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலக் கேட்டாள்.

“அவனுக்குத் தகவல் போகலைம்மா. இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டணும்.”

அப்போது பதினொன்றாம் பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். முடியைப் பார்ப்பார்கள் என்று. அம்மா கரண்டியை மொச்சைக் குழம்பிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தெரிஞ்சும் அன்னைக்குச் சொல்லலையா?”

“அசதிம்மா.”

“அசதியா?”

“பயமும்தான். உன்கிட்ட யாரு சொல்றது?”

அம்மா கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஜாசியும் திட்டவில்லை. தட்டில் இருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள்.

மேல்முறையீடு நான்கு நாளில். வேறு ஐந்து பேர். முதல் குழு எடுத்த வீடியோவையும் பார்ப்பார்கள், ஆளையும் நேரில் பார்ப்பார்கள். நான் சொன்னேன், முடியை அலசிவிட்டு அப்படியே போ என்று.

“போன தடவை ஒரு வேஷம், இந்தத் தடவை இன்னொரு வேஷமாண்ணா?”

“இது வேஷமில்ல. வெறும் தண்ணி.”

கொல்லைத் தொட்டியடியில் அவள் தலையை அலசினாள். காய்ந்தபோது அது நாங்கள் நினைத்த மாதிரி வரவில்லை. வேர்ப்பக்கம் சுருண்டு எழுந்தது. நுனிப்பக்கம் வருடக்கணக்காகச் சூடு வாங்கியதில் செத்துப்போய் நேராகவே தொங்கியது. ஒன்பது வயதுக்குப் பிறகு ஜாசியே தன் முடியைச் சரியாகப் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இப்படியே வெளிய போயிடுவியா?” என்று அம்மா கேட்டாள். கேலி இல்லை அது.

மேல்முறையீட்டு நாளன்று அம்மா வரவில்லை. “நான் வந்தா கை சும்மா இருக்காது. எதையாவது தடவி விட்டுடுவேன்,” என்றாள். அன்றும் நான் இரவு வேலை முடித்து நேராகப் போனேன். வராந்தாவில் ஆறு பேர்தான் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இந்த முறை ஜாசி வெளியே வரப் பத்து நிமிடம் ஆயிற்று.

பஸ்ஸில் ஏறிய பிறகு அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“லேப்டாப்புல பழைய வீடியோவை ஓட விட்டாங்க. அதுல நானு, இங்கயும் நானு. ஒரு பெரியவர், நல்லாக் கறுப்பு, வெள்ளைத் தாடி, அதைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. கேள்வி கேக்கக் கூடாதுன்னு பக்கத்துல இருந்த ஒரு மேடம் சொன்னாங்க. அப்படியும் கேட்டுட்டாரு. ‘இதுல எதும்மா உன் முடி?’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“‘அதுக்கு மூணு மணி நேரம் ஆச்சு சார், இதுக்கு ஒரு வாளித் தண்ணி’ன்னேன்.”

“சிரிச்சாங்களா?”

“ஒருத்தி சிரிச்சா. அவரு எழுதிக்கிட்டாரு. இப்பல்லாம் முதல் தடவை கிடைக்கலைன்னா, பார்லருக்குப் போய்ச் சுருட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்களாம். கதவுகிட்ட நின்னப்ப ஒரு பொண்ணு காதுல சொன்னா.”

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. நிறத்துக்காக வெயிலில் காய்ந்து தோல் உரிந்த மூக்குகளை எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ. வாசலில் ஒரு காவல்காரன் வேண்டும் என்று கேட்டது எங்களைப் போன்ற கறுப்பர்கள்தான். காவல்காரன் எங்களையும் நிறுத்துவான் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. தொடை வேகும் வெயிலில் பஸ் சிக்னலில் நின்றது, ஜாசி நுனி முடியை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். அது சுருளவில்லை.

மூன்றுக்கு இரண்டு. உறுதி செய்யப்படவில்லை. இறுதி முடிவு.

நான் படித்துச் சொன்னபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரு ஆமான்னாங்களா?”

“ஆமா.”

“அப்ப ரெண்டு பேருக்காவது தெரிஞ்சிருக்கு,” என்று சொல்லிவிட்டு மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அடுத்த வாரம் காலியிடங்களுக்கு அழைப்புப் பட்டியல் வந்தது. ஜாசியின் இடத்தில் உவெலிங்டன் தமாசேனோ என்று ஒரு பெயர். நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் மேஜையில் உட்கார்ந்து அவன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் டெர்மினலுக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்புப் பையன். என்னைவிடக் கறுப்பு. சனிக்கிழமைச் சந்தையில் அப்பாவோடு மரவள்ளிக்கிழங்கு விற்கிற படம் ஒன்று இருந்தது.

“ஏதாவது மஞ்ச முடிக்காரனுக்குப் போயிருக்கலாம்ணா. வாய் நிறையத் திட்டியிருப்பேன்,” என்றாள். “இவனைப் போய் என்னன்னு திட்டறது?”

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன். அவள் கைபேசியை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

“உங்க சலவைக்கூடத்துல ஆள் எடுக்கறாங்களா?”

அங்கே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டி நான்கு நாளாகிறது. இரவு வேலை, இரண்டு பேர், அனுபவம் தேவையில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் நானும் சேர்ந்தேன். பத்து வருடம் ஆகிறது.

“எடுக்கல,” என்றேன்.

“கேட்டுத்தான் பாரேன்.”

“கேட்டேன். இப்போதைக்கு இல்லைன்னுட்டாங்க. மே மாசம் நுழைவுப் பரீட்சைக்குப் பதிவு தொடங்குது. நீ அதைப் பாரு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

“பதியறேன்,” என்றாள். “நீயும் பதிவியா?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் தன் தட்டையும் என் கையில் கொடுத்தாள்.