கழனி மட்டும்

எடமலைப்பட்டி புதூர் முறுக்குக் கம்பெனியில் லூர்துராணிக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். அரிசி ஊறப்போடுவதிலிருந்து பாக்கெட் ஒட்டுவது வரை அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு வேலையும் நடக்காது. அப்படிப்பட்டவள் இருக்கும்போது, ஸ்ரீரங்கத்திலிருந்து நேற்று வந்த ஜோதிக்குச் 'சுற்றுச்சூழல் பொறுப்பாளர்' என்று பதவி கொடுத்தால் வயிறு எரியாதா? எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

நேற்று வந்தவள் என்றால், லேபில் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனால் பொறாமைக்காரியிடம் போய்த் தேதி கேட்க முடியுமா?

கம்பெனித் தண்ணீர் எல்லாம் பின்பக்க வாய்க்காலில்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் புகார் கொடுக்க, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. முதலாளி பாலு ஆடிப்போனார். "எண்ணெயத் தனியா வடிச்சுட்டா பாதி நாத்தம் போயிடும் சார்" என்று லூர்துராணி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். யாரும் காதில் வாங்கவில்லை. அதையே ஜோதி கம்ப்யூட்டரில் நாலு படம் போட்டுக் காட்டியதும் பாலு கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். லூர்துராணியும் தட்டினாள், தட்டாவிட்டால் தெரிந்துவிடுமே.

எண்ணெய் வடிக்கும் தொட்டி வந்தது. நாற்றமும் பாதி குறைந்தது. தான் சொன்னதே பலித்து, பேர் மட்டும் ஜோதிக்குப் போன அந்த வயிற்றெரிச்சல் வேறு.

அடுத்து, அரிசி கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் மாட்டுக்குக் கொடுக்கலாம் என்றாள் ஜோதி. பன்னிரண்டு மாடு வைத்திருக்கும் பால்காரர் அற்புதசாமி, தினமும் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜோதி ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து வைத்து, 'கழனி மட்டும்' என்று பெயின்டால் பெரிதாக எழுதினாள்.

ஊரில் கழனி என்றால் அரிசி களைந்த தண்ணீர். இந்தக் கம்பெனியில் அப்படி இல்லை. இங்கே வெளியே கொட்டுகிற எந்தத் தண்ணீருக்கும் கழனி என்றுதான் பேர். எண்ணெய்ச் சட்டியைக் காஸ்டிக் சோடா போட்டுத் தேய்க்கிற பெண்கள்கூட, "கழனிய ஊத்திட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். லேபிலேயே இருக்கும் ஜோதிக்கு இது தெரியாது. லூர்துராணிக்கு அந்த எழுத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே என்ன நடக்கும் என்று புரிந்துவிட்டது.

சொல்லவில்லை.

சாயங்காலம் சட்டி கழுவும் அழகம்மாள், அந்தத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுபோய் நீல டிரம்மில் ஊற்றினாள். லூர்துராணி முறுக்கை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டாள். நாளைக்கு அற்புதசாமி மோந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், முதலாளி முன்னாலேயே ஜோதியை நாலு வார்த்தை கேட்பார். அவ்வளவுதானே? மாடு இதை வாயிலேயே வைக்காது. அப்படிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சோறுதான் இறங்கவில்லை.

மறுநாள் காலை அற்புதசாமி லோடு ஆட்டோவில் வந்தார். பாலுவும் ஜோதியும் வாசலில் நின்றார்கள், கொஞ்சம் தள்ளி லூர்துராணியும். அவர் டிரம்மிலிருந்து ஒரு கேனில் தண்ணீரைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"என்னமோ ஒரு வாடை வருதே."

லூர்துராணிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"எண்ணெய் வாடையா இருக்கும். தவிடும் பிண்ணாக்கும் கலந்துட்டா தெரியாது. ஒண்ணு சினையா இருக்கு, அதுக்கு மொதல்ல வைக்கணும்" என்று அற்புதசாமி ஆட்டோவிலிருந்த மூட்டையைப் பிரித்துத் தவிட்டைக் கொட்டிக் கையாலேயே கலக்க ஆரம்பித்தார்.

லூர்துராணி ஓடினாள். கேனை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். தவிட்டுத் தண்ணீர் அவள் புடவையை நனைத்துக்கொண்டு தரையில் ஓடியது.

"வேணாங்க! மாட்டுக்கு வைக்காதீங்க! அதுல சட்டி கழுவுன தண்ணி இருக்கு. காஸ்டிக் தண்ணி!"

அற்புதசாமி பதறிப்போய்க் கையைக் கழுவ ஓடினார். ஜோதி டிரம்மின் எழுத்தைப் பார்த்தாள், சத்தம் கேட்டு வந்து நின்ற அழகம்மாளைப் பார்த்தாள்.

"நீங்கதானம்மா கழனின்னு எழுதி வச்சீங்க?" என்றாள் அழகம்மாள்.

ஜோதிக்குப் புரிந்தது. மெதுவாகத் திரும்பினாள்.

"ராணியக்கா, உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "நீ எழுதுறப்பவே தெரியும்" என்றாள்.

பாலுவின் முகம் சிவந்தது. "தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

லூர்துராணி தலையை நிமிர்த்தி நின்றாள். திட்டட்டும். வேலையை விட்டே அனுப்பட்டும். செய்தவள் அவள், வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தாள்.

"சார், தப்பு என்னோடது" என்று ஜோதி நடுவில் வந்தாள். "இங்க எதை என்னன்னு சொல்லுவாங்கன்னு கேக்காமலே எழுதிட்டேன். இனிமே அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எதையும் எழுதுவேன்."

பாலுவின் கோபம் அப்படியே இறங்கிப்போனது. ஜோதியைப் பெருமையோடு பார்த்தார். "பாத்தீங்களா? தப்புலேர்ந்து கத்துக்கிறதுன்னா இதுதான். எல்லாரும் இவங்களப் பாத்துக் கத்துக்கணும்."

அழகம்மாள் தட்டினாள். அற்புதசாமியும் ஈரக் கையோடு தட்டினார். நனைந்த புடவையோடு லூர்துராணி நின்றாள். பன்னிரண்டு மாட்டைக் காப்பாற்றியது அவள். தெரிந்தே துரோகம் செய்ததும் அவள். அந்தத் துரோகத்தைக்கூட ஜோதியே எடுத்துக்கொண்டு, அதற்கும் கைதட்டு வாங்கிவிட்டாள்.