வாசல் அகலம்

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், வரைபடத்தை மனையில் சுண்ணாம்புத் தூளால் அப்படியே இழுத்துவிட்டு, அதற்குள் வீட்டாரை நடமாடச் சொல்வது பொறியாளர் சத்யபிரியாவின் வழக்கம். காகிதத்தில் தெரியாத இடைஞ்சல் காலுக்குத் தெரிந்துவிடும் என்பாள்.

நிலக்கோட்டைச் சாலையோரத்து அந்த மனையில், லிடியா இல்லாத அடுப்பிலிருந்து இல்லாத குழம்பை இறக்கிப் பார்த்தாள். "பிரிட்ஜ் கைக்கு எட்டல மேடம்." உடனே கோடு அழிந்தது, சுவர் ஓரடி நகர்ந்தது.

அவளுடைய மாமனார் சூசைமுத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து நாலு கால் வாக்கர்தான் அவருக்குத் துணை. வாடகை வீட்டின் குளியலறைக்குள் அது நுழையாது. மகன் இனிகோ வந்து தூக்கிப்போக வேண்டும். அவன் தாமதித்தால் வேட்டி நனைந்துவிடும். புது வீட்டிலாவது தானாகப் போய்வர வேண்டும் என்பதொன்றே அவருடைய ஆசை.

"நானும் நடந்து பாக்குறேன்ப்பா."

குளியலறை வாசலில் வாக்கரின் கால்கள் இருபுறக் கோட்டையும் அழித்துச் சென்றன.

"மாமா அம்புட்டுச் சுவத்தையும் இடிச்சிட்டாங்க!" லிடியா சிரித்தாள்.

"கதவை அகலமாக்கிரலாம் சார். ஹால்ல டிவி அலமாரிதான் போயிரும்," என்றாள் சத்யபிரியா.

"வேணாம் மேடம். வீடு அம்பது வருசம் நிக்கணும். அப்பாவுக்கு எத்தனை நாளைக்கு? நான் தூக்கிட்டுப் போக மாட்டேனா?" இனிகோ தூளை அள்ளி, பழைய இடத்திலேயே கோட்டைப் போட்டான்.

ஹாலின் நடுவே லிடியா திடீரென்று நின்றாள். "ஏங்க, எங்க அப்பாவுக்குப் பட்ட பாடு மறந்துபோச்சா? சவப்பெட்டியைத் திருப்ப முடியாம, சன்னல் கம்பியை அறுத்துல்ல வெளிய எடுத்தோம்! ஊரே பாத்துச்சு."

இனிகோவின் முகம் மாறியது. "ஆமா மேடம், சுத்தி நின்னு செபம் சொல்லவும் இடம் வேணும்."

"அப்ப டிவி அலமாரி இடிக்கும் சார்."

"எடுத்துருங்க."

சூசைமுத்துவின் கண்கள் விரிந்தன. "அலமாரிதான் போயிருச்சே, அந்தக் கதவையும்…"

"அப்பா, செத்த இங்க வந்து படுங்க."

மகன் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கி, நோகாமல் ஹாலில் கிடத்தினான். லிடியா தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை அவரைச் சுற்றித் தூளைத் தூவினாள்.

"தாராளமா இருக்கா மாமா?"

"இருக்கும்மா. இனிகோ, என்னைத் தூக்கி விடுப்பா. ஒண்ணுக்கு வருது."

"இருங்கப்பா, முன்வாசலை அளந்துட்டு வாரேன்."

மூவரும் நாடாவை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். அவர்கள் அகலத்தைக் குறித்து முடிப்பதற்குள், சூசைமுத்துவின் இடுப்பருகே வெள்ளைக்கோடு ஈரமாகிக் கரைந்தது.