மியாஜிமாவில் விட்டுப்போன ஆள்

ஜப்பானில் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாமே யசுயோவுக்கு நாக்கில்தான் பழக்கம். நிக்கோ என்றால் கத்தியால் வெட்டித் தின்னும் பயற்று அல்வா. கியோட்டோ என்றால் பட்டை வாசனை அடிக்கிற மெல்லிய மாவு முக்கோணம். மியாஜிமா என்றால் மேப்பிள் இலை அச்சில் சுட்ட குட்டி அப்பம். அவள் கணவர் கென்சாகு சுற்றுலாப் பேருந்து வழிகாட்டி. மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு நாடு முழுக்க ஜனங்களை ஓட்டிப் போய், ஓட்டிக் கொண்டு வந்து சேர்ப்பது அவர் வேலை. திரும்பும்போதெல்லாம் ஒரு பெட்டி பலகாரம் வாங்கி வருவார். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். சுயாமா ஊரில் அவர்கள் வீட்டைத் தாண்டி யசுயோ பார்த்த ஊர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம்.

கல்யாணமான புதிதில் மியாஜிமாவுக்குப் போவதாக இருந்தது. அந்தத் தீவுக் கோயிலுக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரண வாசலின் படத்தைக் காட்டித்தான் அவர் அவளிடம் சம்மதமே கேட்டார். கிளம்புகிற வாரம் கூட வேலை பார்த்தவருக்குக் காய்ச்சல் வர, அவருடைய பேருந்தில் இவர் நிக்கோவுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அந்தக் கோயில் அம்மனுக்குப் பொறாமை ஜாஸ்தி. புருஷன் பொண்டாட்டியா சேர்ந்து போனா பிரிச்சு விட்டுடுவா. தெரிஞ்சே போய்த் தலைய குடுக்கணுமா?"

இதே வேடிக்கையை அவர் பேருந்திலும் சொல்லுவார். ஜோடியாக வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு ஜோடியாகவே இறங்கிக் கோயிலுக்குப் போவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் கென்சாகு வீட்டுக்குள்ளேயே உலாத்திக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஏதாவது கோட்டையைக் காட்டினால், "தப்பாச் சொல்றான்" என்று அதைப் பார்த்துக் கத்துவார். இலையுதிர் காலம் வந்ததும் ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். "கிளம்பு. மியாஜிமா, அங்கேர்ந்து அமானோஹாஷிதாத்தே, அப்புறம் மட்சுஷிமா. ஜப்பானோட மூணு பெரிய காட்சியையும் ஒரே மூச்சுல காட்டிடறேன்."

யசுயோ நம்பவில்லை. ஆனாலும் புது நடைச் செருப்பு வாங்கிக்கொண்டாள். முழங்கால் வலிக்கு ஒட்டும் பட்டையும் எடுத்து வைத்தாள்.

தீவுக்குப் போகும் படகில் ஏறும் முன்பே அவர் அவளுடைய பணப்பையையும் கைப்பேசியையும் வாங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டார். "இங்க மான் வந்து பையைப் பிடுங்கும். தொலைச்சிட்டு நிக்காத."

"நான் என்ன சின்னப் பிள்ளையாங்க?"

"சின்னப் பிள்ளைங்க தொலைக்க மாட்டாங்க. உன் வயசுக்காரங்கதான் தொலைப்பாங்க. நான் பாக்காததா?"

கடல் ஏறியிருந்த நேரம். தோரண வாசல் கால் வரைக்கும் தண்ணீரில் நின்றது. படகு பக்கத்தில் போகப் போக, படத்தில் பார்த்ததைவிட அது பெரிதாகிக்கொண்டே வந்தது. யசுயோ கணவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார். "இப்ப அதைப் பாக்காத. இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா வெளிச்சம் எதிர்ல அடிக்கும். கோயில் மேடைக்குப் போய்ப் பாக்கலாம்."

கோயிலிலும் அப்படித்தான். அவள் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது. அவர் சொன்ன தூணருகில்தான் நிற்க வேண்டும். பலகைத் தரையின் இடுக்கில் தண்ணீர் பளபளப்பதைக் குனிந்து பார்த்தவளை, "பின்னால ஆளுங்க வர்றாங்க, நகரு நகரு" என்றார்.

"தண்ணி வத்தினா அந்த வாசல் வரைக்கும் நடந்து போலாமாமே? எனக்கு ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்."

"தண்ணி சாயங்காலம்தான் இறங்கும். அதுக்குள்ள நாம கிளம்பியாகணும். சேத்துல போய் என்ன பண்ணப் போற? தூரத்துலேர்ந்து பாக்கிற சாமான் அது."

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில்தான் அந்தக் கூட்டம் எதிர்ப்பட்டது. மட்சுயாமாவிலிருந்து வந்த பாட்டுக் குழுப் பெண்கள். எல்லாம் யசுயோ வயதுதான். அவர்களை அழைத்து வந்த வழிகாட்டி மினாமி, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண். வாசல் எப்படிக் கடலில் சாயாமல் நிற்கிறது என்று யாரோ கேட்க, அவள் கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கென்சாகுவின் முதுகு நிமிர்வதை யசுயோ பார்த்தாள். ஒரு வருஷமாக வளைந்து கிடந்த முதுகு.

"இங்கயே உக்காரு, வந்துடறேன்" என்று ஒரு மரப்பலகையைக் காட்டிவிட்டு அவர் போனார். "அதை மண்ணுல புதைக்கவே இல்லம்மா. சொந்தக் கனத்துல நிக்குது" என்று அவர் தொடங்கியது அவள் காதில் விழுந்தது. அப்புறம் சிரிப்பு. பொறாமைக்கார அம்மன் கதையும் வந்திருக்கும். கைதட்டல். மினாமி தன் கொடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

யசுயோ உட்கார்ந்திருந்தாள். ஒரு மான் வந்து அவள் மடியிலிருந்த தீவின் வரைபடத்தை மென்று தின்றது. விரட்டவும் தோன்றவில்லை. பக்கத்துக் கடையில் சிப்பி சுடுகிற வாசனைக்கு வயிறு கூப்பாடு போட்டது. கையில் சல்லிக்காசு இல்லை.

கூட்டம் படகில் ஏறிற்று. கொடி முன்னால் போனது. வழியனுப்பத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். சங்கு ஊதியது. படகு துறையை விட்டு விலகியபோது மேல்தளத்தில் கென்சாகு நின்றுகொண்டிருந்தார், சுற்றிலும் பெண்கள், கொடியை நீட்டி எதையோ காட்டியபடி.

யசுயோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். துறையின் விளிம்பில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு, கரையிலிருந்து யார் கையசைத்தாலும் காலமெல்லாம் எப்படி அசைத்தாரோ அப்படியே, கொடியை உயர்த்தி இடமும் வலமுமாக அசைத்தார். பெண்களும் சேர்ந்து அசைத்தார்கள்.

துறையில் பயணச்சீட்டு சரிபார்ப்பவர் இதைப் பார்த்துவிட்டு வந்தார். "அம்மா, உங்க ஆளுங்க போயிட்டாங்களா? சீட்டு இல்லன்னாலும் பரவால்ல, அடுத்த படகுல ஏறிக்கோங்க. அந்தக் கரைக்குப் போன் போட்டுச் சொல்லவா?"

"வேணாம்."

"தேடுவாங்களே?"

"தேடட்டும். எவ்வளவு நேரத்துல தேடறார்னு நானும் பாக்கிறேன்."

அடுத்த படகு வந்தது. அதில் அவர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. யசுயோ படகுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடற்கரையோரம் நடந்தாள். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. பாசி படிந்த மணல் திட்டுத் திட்டாக வெளியே வந்தது. புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தோரண வாசலை நோக்கி இறங்கினாள்.

கிட்டத்தில் அது அழகாக இல்லை. தூண்களின் அடியில் சிப்பிகள் சொறிபோல அப்பியிருந்தன. மர வெடிப்புகளில் யார் யாரோ செருகிவிட்டுப் போன காசுகள் துருவேறிக் கிடந்தன. அழுகிய கடற்பாசி நாறியது. அவள் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. சந்தோஷம் வரும் என்று காத்துப் பார்த்தாள், அது வரவில்லை. வந்தது யோஷினோ.

ஒரு சித்திரை மாதம், வயிற்றில் ஆறு மாதத்துப் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரிதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிள்ளை தங்கவில்லை. அன்று சாயங்காலம் செர்ரி பூத்த யோஷினோ மலை விடுதியிலிருந்து கென்சாகு பேசினார். "நாப்பது பேரை நடுவழியில விட்டுட்டு எப்படி வர்றது, நீயே சொல்லு" என்றார். நீயே சொல்லு என்றதால் அவள் சொன்னாள், "வர வேணாம், பாத்துக்கறேன்" என்று. சுற்றுப்பயணம் முடிந்துதான் அவர் வந்தார். அப்புறம் அவளுக்குப் பிள்ளையே உண்டாகவில்லை. அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் தன்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தாள், இத்தனை வருஷமும்.

"யசுயோ! ஏய், யசுயோ!"

கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கென்சாகு சேற்றில் தடுமாறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அறிவிருக்கா உனக்கு? உக்காருன்னு சொன்ன இடத்துல உக்கார மாட்டியா? துறை முழுக்கத் தேடி, கோயில் முழுக்கத் தேடி... என் சர்வீஸ்ல ஒரு ஆளை எங்கயும் விட்டுட்டு வந்ததில்ல, தெரியுமா? ஒருத்தரைக்கூட! என் பேரைக் கெடுக்கன்னே..."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"அந்தக் கரைல, பஸ் ஏறும்போது அந்தப் பொண்ணு தலை எண்ணினா. ஒரு ஆள் அதிகமா இருக்குன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் அந்த அதிகம்னு... அப்பதான்."

"இறங்கின உடனேயா பஸ் ஏறினாங்க?"

"இல்ல. சாப்பிட்டுட்டு. விலாங்கு மீன் சோறு. ரொம்ப வற்புறுத்தினாங்க."

"நல்லா இருந்துச்சா?"

"யசுயோ, விளையாடாத."

"நான் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. கேக்கிறேன், நல்லா இருந்துச்சா?"

அந்தப் பக்கத்துத் தூண் அருகே பள்ளிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கையாட்டினேன். நீங்க பாத்தீங்க."

"யாரோன்னு நெனச்சேன்."

"அதான்" என்றாள் யசுயோ. "யோஷினோலேர்ந்தும் நீங்க வந்திருக்கலாம். அன்னைக்கு வேற ஒரு வழிகாட்டிய அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நான் வேணாம்னு சொன்னா அதை நம்பிடறதா?"

"அதையெல்லாம் இப்ப எதுக்கு இழுக்கிற? அந்த மலைல அன்னைக்கு என்ன கூட்டம் தெரியுமா? நான் இல்லன்னா..."

தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டார். யசுயோ கையை நீட்டினாள். "என் பணப்பை. என் போன்."

படகேறி, ரயிலேறி இருவரும் ஹிரோஷிமா நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அவள் தனியாக வரிசையில் நின்று, கூரே ஊருக்கு ஒரு சீட்டு வாங்கினாள். அவளோடு பள்ளியில் படித்த சிநேகிதி அங்கே தனியாக இருந்தாள்.

"எங்க போற? இன்னைக்கு ராத்திரிக்கு ரெண்டு பேருக்கு அறை போட்டாச்சு. நாளைக்கு அமானோஹாஷிதாத்தே."

"நீங்க போயிட்டு வாங்க. உங்களுக்குத்தான் வழி தெரியுமே."

கோபத்தில் பேசுகிறாள், இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று கென்சாகு நினைத்தார். போட்ட ஏற்பாட்டைக் கலைப்பது அவருக்கு ஒரு நாளும் பழக்கமில்லை. அமானோஹாஷிதாத்தேயைப் பார்த்தார். மட்சுஷிமாவையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது.

யசுயோ திரும்பவே இல்லை. கூரேயில் ஒரு மீன் பக்குவம் செய்யும் கூடத்தில் மதியச் சமையலுக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றே வேலை; முழங்கால் மோசமாயிற்று. சிநேகிதிக்குக் குறட்டை, கோபம், ஓயாத பேச்சு. நிம்மதி என்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஊருக்குத் திரும்பும் ரயிலைப் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மார்கழிக் குளிர் பிடித்ததும் ஒரு நாள் கென்சாகு கூப்பிட்டார். நலம் விசாரிக்கத்தான் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு போனைக் காதோடு வைத்தாள்.

"குளிர்காலப் போர்வையெல்லாம் எங்க வெச்சிருக்க?"

மாடி அலமாரியில், கீழ்த்தட்டில், நீலத் துணியில் கட்டி வைத்திருப்பதாக அவள் சொன்னாள். அவர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. "ஆங், கெடச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.